மூன்று ஹீலியம், ஒரு கார்பன்

"டார்வின் வந்தப்புறம் படைப்பாளி எதுக்குங்க?" டீக்கடையில் இன்று காதில் விழுந்தது.

பரிணாமம் தொடங்கவே கார்பன் வேண்டும். அது நட்சத்திரத்துக்குள் உருவாகிறது.

இரண்டு ஹீலியம் அணுக்கரு சேர்ந்தால் பெரிலியம்-8. நொடியை நூறு கோடி கோடிக் கூறாகப் போட்டால் ஏறக்குறைய ஒரு கூறுதான் அதன் ஆயுள். அதற்குள் மூன்றாவது ஹீலியம் ஒட்ட வேண்டும்.

கார்பன் அணுக்கருவில் 7.65 எம்இவி (அணுக்கரு ஆற்றலை அளக்கும் அலகு) அருகே ஓர் ஆற்றல் நிலை இல்லாவிட்டால் இது தேறாது என்று 1953இல் வானியலாளர் ஃபிரெட் ஹாயில் சொன்னார். அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் தேடினார்கள், இருந்தது. இவ்வளவு கச்சிதம் தற்செயலா, யாரோ அமைத்ததா என்று கேட்கத் தோன்றுகிறது. (ஹாயில் நாத்திகர்!)

அந்த நிலை 0.06 எம்இவி ஏறினாலும் கார்பன் கிடைக்கும் என 1989இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கச்சிதம் என்ற வாதத்துக்கு இது நியாயமான அடிதான். ஆனால் அது கொஞ்சம் தளர்வைத்தான் காட்டுகிறது, எப்படி இருந்தாலும் சரி என்பதை அல்ல.

"பிரபஞ்சங்கள் எக்கச்சக்கம், ஒன்றில் அமையத்தானே செய்யும்?" என்று கேட்கலாம்.

அமையும். அவற்றை விதவிதமாக வார்க்கிற உலைக்கும் விதிகள் வேண்டுமே, அவை ஏன் அப்படி? டார்வினிடம் இதற்குப் பதில் இல்லை. அவர் எடுத்துக்கொண்ட கேள்வியும் இதுவல்ல.