வார்டு உறுப்பினர் தேர்தலுக்கு மனுத் தாக்கல் செய்ய நினைப்பவர்களுக்கு

2022 பிப்ரவரி 19 அன்று தமிழ்நாட்டில் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில், எங்கள் தெருவைச் சேர்ந்த அக்கா ஒருவர் மாநகராட்சி வார்டு உறுப்பினர் பதவிக்குச் சுயேச்சையாக நின்றார். மழைநீர் வடிகால் கேட்டு மனுக் கொடுத்துச் சலித்துப்போய் எடுத்த முடிவு அது. அவரை முன்மொழிந்தவன் நான்.

மனுத் தாக்கலுக்கு ஜனவரி 28 முதல் பிப்ரவரி 4 வரை எட்டு நாள்கள்தாம். அதிலும் ஒன்று ஞாயிறு. 21 வயது நிறைந்திருக்க வேண்டும், அந்த மாநகராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும் என்ற தகுதிகள் எளியவை. வேட்பாளர் அந்த நகரின் எந்த வார்டு வாக்காளராகவும் இருக்கலாம். ஆனால் முன்மொழிபவர் போட்டியிடும் வார்டின் வாக்காளராகவே இருக்க வேண்டும். அந்தத் தேர்தலில் வைப்புத்தொகை மாநகராட்சிக்கு 4,000 ரூபாய், நகராட்சிக்கு 2,000, பேரூராட்சிக்கு 1,000. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இதில் பாதி.

நாங்கள் தடுமாறியது வாக்காளர் பட்டியலில் உள்ள பாகம் எண்ணிலும் வரிசை எண்ணிலும். முந்தைய ஆண்டு சட்டமன்றத் தேர்தலுக்கு வீட்டில் கொடுத்த பூத் சிலிப்பைப் பார்த்து மனுவில் எண்களை எழுதிவிட்டோம். உள்ளாட்சித் தேர்தலுக்கு வார்டுவாரியாகத் தனிப் பட்டியல் வெளியிடப்படுகிறது என்பதும், அதில் அந்த எண்கள் மாறியிருக்கும் என்பதும் எங்களுக்கு உறைக்கவில்லை. மண்டல அலுவலகத்தில் மனுவை வாங்கிப் பார்த்த ஊழியர், "இந்த நம்பர்ல வேற ஒருத்தர் பேர் இருக்கே, அம்மா" என்று பட்டியலைத் திருப்பிக் காட்டியபோது அக்காவின் முகம் வாடிவிட்டது. கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பே போயிருந்ததால் புதிய படிவம் வாங்கி எழுத முடிந்தது. கடைசி நாள் பிற்பகலில் போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்று இப்போதும் நினைப்பேன்.

சொத்து, கடன், கல்வி, குற்ற வழக்குகள் ஆகியவற்றைத் தெரிவிக்கும் உறுதிமொழி ஆவணத்தில் எந்தக் கட்டத்தையும் வெறுமனே விடக் கூடாது. நிலம் இல்லையென்றால் "இல்லை" என்றே எழுதுங்கள். விவரங்களை நிரப்பாமல் விட்ட உறுதிமொழி ஆவணம் மனுவையே நிராகரிக்க இடமளிக்கும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்கள் தொடர்பாகத் தீர்ப்பளித்திருக்கிறது. உள்ளாட்சிக்கும் அதே கவனத்தோடு எழுதுவதே பாதுகாப்பு. அக்கா தமக்குப் பொருந்தாத ஒவ்வொரு கட்டத்திலும் "இல்லை" என்று நிறுத்தி எழுதிவிட்டுத்தான் நோட்டரி முன் கையெழுத்திட்டார். சொத்து வரி, குடிநீர் வரி ரசீதுகளையும் உடன் கொண்டு போனோம்; மாநகராட்சிக்கு வரி பாக்கி வைத்திருப்பது தகுதியைப் பாதிக்கக்கூடும்.

பிப்ரவரி 5 அன்று நடந்த பரிசீலனைக்கு நேரில் போவது அவசியம் என்பது என் உறுதியான கருத்து. ஆட்சேபம் எழுந்தால் பதில் சொல்ல அங்கே ஆள் இருக்க வேண்டும். அக்காவின் மனு ஏற்கப்பட்டது. வாபஸ் பெறும் கடைசி நாளான 7-ஆம் தேதி கடந்ததும் சின்னம் கிடைத்தது. அன்று இரவே, துண்டறிக்கை அச்சடித்த ரசீதை முதல் செலவாக ஒரு நோட்டில் ஒட்டி, தேர்தல் செலவுக் கணக்கை எழுதத் தொடங்கினார்.