பேசாத மடிக்கணினி

2025 நவம்பர் 10, பவானி

இரண்டு வாரங்களாகத் திணறிக்கொண்டிருந்த என் மடிக்கணினியை அண்ணன் இன்று ஈரோட்டில் ஒரு கடையில் கொடுத்துவிட்டு வந்தார். ஹார்ட் டிஸ்க் பழுதாகிவிட்டதாம், அதற்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. என்ற வேறு வகைச் சேமிப்பகத்தைப் பொருத்தி விண்டோஸைப் புதிதாக ஏற்ற வேண்டுமாம். பார்வையற்ற நான், திரையில் உள்ளதைக் குரலாகப் படித்துச் சொல்லும் மென்பொருளான திரைவாசிப்பானைக் கொண்டே கணினியை இயக்குகிறேன் என்பதையும் சொல்லியிருக்கிறார். பாடக் குறிப்புகள் பென்டிரைவில் பத்திரமாக உள்ளன.

நவம்பர் 14

கணினி வந்தது. அப்பா ஜமக்காளத் தறியை நிறுத்திவிட்டு அருகில் வந்து அமர்ந்தார். கண்ட்ரோல், விண்டோஸ், என்டர் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் விண்டோஸிலேயே உள்ள நரேட்டர் என்ற திரைவாசிப்பான் பேசத் தொடங்கும். பலமுறை அழுத்தியும் ஒரு சொல்கூட வரவில்லை. கடைக்குத் தொலைபேசினேன். "எல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது, ஸ்கிரீன் பளிச்சுன்னு தெரியுதுங்களே" என்றார் கடைக்காரர். கண்ணால் மட்டும் சோதித்துக் கொடுத்த கணினியால் எனக்குப் பயனில்லை என்பதை அவருக்குப் புரியவைக்க நெடுநேரம் ஆயிற்று.

நவம்பர் 15

பக்கத்து வீட்டுப் பாலிடெக்னிக் மாணவன் பார்த்தவுடனே காரணத்தைச் சொன்னான்: ஒலிபெருக்கிச் சின்னத்தின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி இருந்தது. விண்டோஸை ஏற்றியவர்கள் ஒலிப் பகுதியை இயக்கும் மென்பொருளான டிரைவரை ஏற்றவில்லை. கைப்பேசி ஹாட்ஸ்பாட் வழியாக அதை இறக்கி நிறுவினான், நரேட்டர் பேசியது. அடுத்து என்.வி.டி.ஏ. என்ற இன்னொரு திரைவாசிப்பான்.

"இதுக்கு எவ்வளவுங்கக்கா ஆகும்?" என்று கேட்டான். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்றவர் 2006இல் எழுதத் தொடங்கிய மென்பொருள் அது, இன்றும் இலவசம் என்றேன்.

குரல் வந்த பிறகு தமிழ் உச்சரிப்பு, வாசிப்பு வேகம், தமிழ்99 விசைப்பலகை ஆகிய அனைத்தையும் நானே அமைத்தேன். உதவ வருபவர்கள் மவுஸைப் பிடித்து எல்லாவற்றையும் தாங்களே முடித்துவிட்டால், எந்த அமைப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அடுத்த முறையும் நான் அவர்களையே தேட வேண்டியிருக்கும். இவனோ நான் கேட்டபோது மட்டும் திரையில் இருப்பதைப் படித்துச் சொன்னான். அந்தப் பொறுமை எனக்குப் பேருதவி.

நவம்பர் 17

ஈரோட்டுக்கு நேரில் சென்றேன். கடைக்காரர் வருத்தம் தெரிவித்துவிட்டு, நான் சொன்னவற்றை நோட்டில் எழுதிக்கொண்டார்: ஒலி வருகிறதா என்று பார்க்க வேண்டும், மூன்று விசைகளையும் அழுத்தி நரேட்டரைக் கேட்க வேண்டும், உரியவரைக் கேட்காமல் திரைவாசிப்பானை நீக்கக் கூடாது. பெருந்துறையிலிருந்து பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் கொடுத்த கணினி மேசைமேல் இருப்பதாகச் சொல்லி, அதைத் திறந்து விசைகளை அழுத்தினார். பேசியது.