நூற்றெட்டுத் தேங்காய்

உங்கள் காலத்து ஆசிரியர் ஒருவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் என்று எங்கள் பள்ளிக்கூட மலர்க்குழுவினர் கேட்டபோது, கணிதம் படிப்பித்தவரையோ கிரிக்கெட் பழக்கியவரையோதான் எதிர்பார்த்திருப்பார்கள். எனக்கு நினைவு போனது சைவசமயம் படிப்பித்த சேரிடம். பெயர் போடவில்லை. 1995 ஓ.எல். (சாதாரண தரச் சோதனை) பட்சுக்கும் அதற்கு முன்பின் படித்தவர்களுக்கும் 'வாங்கு சேர்' என்றால் போதும். மனுசன் மேசைக்குப் பின்னால் கதிரையில் இருந்ததை யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். முன்வாங்கில் இருக்கிற எங்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, அதிலேயே குந்தியிருந்துதான் பாடம் நடத்துவார்.

சமயபாடம் என்றால் எங்களுக்குப் பாடமாக்குவது, அவ்வளவுதான். தேவாரம் வரி பிசகாமல் வந்தால் சரி, என்ன பொருள் என்று யாரும் யோசிப்பதில்லை. ஒருநாள் அப்பர் பாடிய முதல் பதிகத்தின் முதல் வரியைக் கரும்பலகையில் எழுதினார். 'கூற்றாயினவாறு விலக்ககலீர்.'

"இதிலை அப்பர் என்ன செய்யிறார்?"

"துதிக்கிறார் சேர்."

"வடிவாப் பார். எங்கை துதி கிடக்கு?"

சத்தமில்லை.

"சூலை நோய் பிடிச்சு, தமக்கையார் திருநீறு குடுத்து, திருவதிகைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு வந்து விட்டிருக்கிறா. குடல் முறுக்குது. வந்து நிண்டவர் வணக்கம் சொல்லேல்லை. எமன் மாதிரி வருத்துது, நீர் விலக்கிறீர் இல்லை எண்டுதான் தொடங்குறார். பிறகு 'ஆற்றேன் அடியேன்' எண்டுறார். தாங்க ஏலாதாம். முறைப்பாடு, தம்பிமார்! அப்பற்றை முதல் தேவாரமே முறைப்பாடு."

பிறகு சுந்தரருக்குப் போனார். கண் இரண்டும் போய், காஞ்சிபுரத்தில் ஒன்று கிடைத்து, மற்றதுக்காகத் திருவாரூரில் போய் நின்று பாடின பாட்டு 'வாழ்ந்து போதீரே' என்று முடிகிறதாம். "எங்கடை ஆச்சிமார் கோவத்திலை சொல்லுவினமே, நீர் நல்லா இருந்திட்டுப் போம் எண்டு. அதேதான். கடைக்காரனிட்டைப் போய் ஆரும் வயித்துக்குத்தைச் சொல்லுறதில்லை. தாயிட்டைத்தான் சொல்லுவம்."

இப்படிச் சோதனையில் எழுதினால் புள்ளி வருமா என்று பின்வாங்கில் ஒருவன் கேட்டான். வராது என்றார் சேர்.

அந்தக் காலம் எப்படிப்பட்டது என்று இங்கே லண்டனில் பிறந்த பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. படித்ததெல்லாம் ஜாம் போத்தல் விளக்கில். அடியில் பஞ்சு, அது நனைகிற அளவுக்கு மண்ணெண்ணெய், நூலில் ஒரு திரி. சைக்கிளை நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் பிபிசி தமிழோசை கேட்போம். செய்தி முடியும்வரைக்கும் சுற்றுகிறவனுக்குக் கை வலிக்கும். அவன் சுற்றுவதை விட்டால் செய்தியும் நின்றுவிடும்.

பொம்பர் சத்தம் கேட்டால் பிரார்த்தனை மண்டபத்துப் பின்பக்கம் இருந்த பங்கருக்குள் பாய்வோம். மேலே பனங்குற்றி, அதற்கு மேலே மண்மூட்டை. 1995இல் ஒருநாள் சேரும் எங்களோடு பாய்ந்தார். எனக்குப் பக்கத்தில் ஒரு நண்பன். இப்போது ரொறன்ரோவில் இருக்கிறான், இந்த மலர் அவனுக்கும் போகும், ஆகவே பெயர் வேண்டாம். முதல் குண்டு எங்கேயோ விழுந்தது. மண் உதிர்ந்து கழுத்துக்குள் போனது. அவன் வாய்விட்டே கத்தினான்:

"பிள்ளையாரே, இது போகட்டும், நூற்றெட்டுத் தேங்காய் உடைக்கிறன்!"

பள்ளிக்கூட வாசல் பிள்ளையாரைத்தான் சொன்னான். ஓ.எல். எடுக்கப்போகும் எல்லோருக்கும் அவரிடம் ஏதாவது ஒரு கணக்கு இருந்தது.

இரண்டாவதும் விழுந்தது. பிறகு சத்தம் தேய்ந்து போய்விட்டது. இருட்டுக்குள் இருந்து சேரின் குரல்: "தேங்காய் என்ன விலை விக்குது தெரியுமோடா?" பதினெட்டுப் பேரும் சிரித்தோம். சிரிப்பா நடுக்கமா என்று பிரித்துச் சொல்ல ஏலாது. வெளியில் ஏறும்போது அவனுடைய தோளில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டு, "வைச்சது வைச்சதுதான். எப்ப ஏலுமோ அப்பக் குடு. பிள்ளையாருக்கு ஒரு அவசரமுமில்லை" என்றார்.

அவன் கொடுக்கவில்லை. கொடுக்க முதல் ஒக்டோபர் 30 வந்துவிட்டது.

அந்த இரவைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். இராணுவம் நெருங்குகிறது என்று, யாழ்ப்பாண நகரும் சேர்ந்த வலிகாமம் முழுவதையும் ஒரே இரவில் வெளிக்கிடச் சொன்னார்கள். லட்சக்கணக்கான சனம். கண்டி வீதியால் ஒரு கூட்டம், செம்மணி வீதியால் ஒரு கூட்டம், இரண்டும் போய் நாவற்குழிப் பாலத்தில் நெருக்கி நின்றன. மழை. குடையை மறுபக்கம் பிடித்து அதில் தண்ணீர் ஏந்திக் குழந்தைகளுக்குப் பருக்கினார்கள். ஓர் அடி வைத்தால் பத்து நிமிடம் நிற்கவேண்டும்.

பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் சேரைக் கண்டோம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கரியரில் அவருடைய தாயார், பொலித்தீன் பையைத் தலையில் கவிழ்த்தபடி. கந்தசஷ்டியை ஒட்டிய நாள்கள் அவை. அந்த மனுசி விரதத்தோடு வெளிக்கிட்டு வந்திருந்தார். ஒரு கையால் மகனுடைய சேர்ட்டைப் பிடித்திருந்தார், மற்றக் கையில் பனையோலைத் திருநீற்றுப் பெட்டி. அது நனையாமல் இருக்கத் தன் வயிற்றோடு ஒட்டிப் பிடித்திருந்தார்.

நண்பன் முன்னால் போய் நின்றான். அவனுடைய தகப்பனுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். நானும் அவனுமாகத்தான் மாறி மாறித் தாங்கிக்கொண்டு வந்தோம்.

"சேர், எங்கை உங்கடை முருகன்?"

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த துணியும் ஈரம்.

"நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டு வாறன். வீட்டுப் படலையிலை இருந்து ஏசிக்கொண்டு வாறன். நீயும் ஏசு. ஆனா நடந்துகொண்டு ஏசு மோனை, பின்னாலை சனம் நெருக்குது."

அவனுடைய தகப்பன் பாலத்துக்கு அப்பால் தென்மராட்சியில் மூன்றாம் கிழமை இறந்துபோனார். அதன்பிறகு அவன் கோயில் பக்கம் போகவில்லை. நான் 1996இல் ஊருக்குத் திரும்பி, சில வருடத்தில் லண்டனுக்கு வந்து, பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று ஓடினேன். எங்கள் ஓ.எல். என்னவாயிற்று என்பது தனிக் கதை.

சேர் காலமான செய்தி இங்கே ஒரு கலியாண வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கிடைத்தது. கையைக் கழுவிவிட்டு வெளியில் போய் நின்றேன்.

2020 ஏப்ரல். மனைவி முதியோர் இல்லமொன்றில் வேலை. காய்ச்சல் வந்து ஐந்தாம் நாள் அம்புலன்ஸ் வந்தது. கூடப் போக விடவில்லை. கோயில்களும் பூட்டு. ஆஸ்பத்திரியில் இருந்து ஒவ்வொரு இரவும் ஒரு தாதி போன் எடுத்து, "மாற்றமில்லை" என்பார். எங்கள் சாமியறை என்பது குசினி அலுமாரியின் ஒரு தட்டு. நல்லூர் வேல் படம், பக்கத்தில் மைலோ ரின். விடிய வேலைக்குப் போகமுதல் மனைவிதான் விளக்கேற்றுவார், நான் திருநீற்றைத் தொட்டுக்கொண்டு ஓடுவேன். இருபது வருடமாக என் பக்தி அவ்வளவுதான். அந்த நாள்களில் நானே ஏற்றினேன். தேவாரம் பாடத் தொடங்கி, 'ஆற்றேன்' என்ற சொல்லைத் தாண்ட முடியவில்லை. அதற்குப் பிறகு பாட்டை விட்டுவிட்டு ஏசினேன். மூத்த மகள் படியில் நின்று கேட்டிருக்கிறாள், பிறகுதான் சொன்னாள். அவ்வளவு கெட்ட வார்த்தை எனக்குத் தெரியும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியுமாம்.

ரொறன்ரோக்காரன் ஒவ்வொரு நாளும் போன் எடுப்பான்.

"கும்பிட்டியோ?"

"இல்லை. ஏசினனான்."

"அப்ப சரி. எனக்கும் சேத்து ஏசு. நேர்த்தி ஏதும் வைக்கலாமெண்டு பாத்தன், பழைய கடன் கிடக்கப் புதுசு வைக்க வெக்கமாக் கிடக்கு."

பத்தொன்பதாம் நாள் மனைவி வீட்டுக்கு வந்தார். வாசலில் இருந்து கதிரைக்கு வர நாலு தரம் நின்று மூச்செடுத்தார். அதே வார்ட்டில் இருந்து வராமல் போனவர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய வீட்டிலும் யாரோ ஏதோ ஒரு சாமிக்கு விளக்கேற்றியிருப்பார்கள். என் மனைவி பிழைத்ததைக் காட்டிக் கடவுள் இருக்கிறார் என்று எனக்கு விளங்கப்படுத்த வருகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. நண்பனின் தகப்பனுக்கு அவர்கள் என்ன கணக்குச் சொல்வார்கள்? ஏசுவதற்கு எனக்கு ஓர் ஆள் இருந்தார். அந்தப் பத்தொன்பது நாளும் நான் பைத்தியமாகாமல் இருந்தது அதனால்தான்.

போன வருடம் நல்லூர்த் திருவிழாவுக்குப் போனேன். அர்ச்சனை இன்னும் ஒரு ரூபாதான். போகமுதல் நண்பன் காசு அனுப்பியிருந்தான், "அந்தத் தேங்காயை முடிச்சுவிடு" என்று ஒரே ஒரு வரியோடு. திருநெல்வேலிச் சந்தையில் வாங்கி, இரண்டு சாக்கில் கட்டி, ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூட வாசலுக்குப் போனேன். பிள்ளையார் அதே இடத்தில். புதுப் பெயின்ற் அடித்திருந்தார்கள், எனக்குப் பிடிக்கவில்லை. பங்கர் இருந்த இடத்தில் சைக்கிள் நிறுத்துகிறார்கள்.

நாற்பது உடைக்கும்போதே தோள் விட்டுவிட்டது. கிரிக்கெட் விளையாடிவிட்டு வந்த பெடியள் நாலு பேர் பந்து எறிகிற மாதிரி எறிந்து உதவினார்கள். எதற்கு அங்கிள் இவ்வளவு தேங்காய் என்று கேட்டார்கள். கடன் என்றேன். சொட்டுகளைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டு, நல்லாக முற்றின தேங்காய் என்றார்கள்.

இரவு போன் எடுத்தான்.

"முடிஞ்சுதோ?"

"நூற்றேழு."

"மற்றது?"

"ஐயரிட்டைக் குடுத்திருக்கிறன். உன்ரை பேரைச் சொல்லி வைச்சிருக்கச் சொன்னனான்."

கனநேரம் சத்தமில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன்.

"டேய்," என்றான், "உரிச்ச தேங்காய் எத்தினை நாளைக்குப் பழுதாகாமல் கிடக்கும்?"