அத்தையையும் சேர்த்து எண்ணியபோது

என் மகள் சிங்கப்பூரில் தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்தது 2025 ஜனவரியில். கல்வி அமைச்சின் நிதியுதவித் திட்டம் பற்றிப் பள்ளியிலிருந்து தாள் வந்தது. குடும்ப வருமானம் 4,000 வெள்ளிக்குள் இருக்க வேண்டும் என்று படித்ததுமே மடித்து வைத்துவிட்டேன். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், நான் துப்புரவு வேலை. இரண்டு சம்பளமும் சேர்ந்தால் 4,600.

அடுத்த வரியை நான் படிக்கவே இல்லை. பக்கத்து வீட்டு அக்காதான் காட்டினார். "தலைக்கு 1,000 வெள்ளிக்குள் வந்தாலும் கிடைக்கும், கணக்குப் போட்டுப் பாரு."

நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர். நாலால் வகுத்தால் 1,150. வராது என்றேன். "அத்தை உங்களோடதானே இருக்காங்க? அவங்களை ஏன் விட்டே?" மாமியாரையும் சேர்த்து ஐந்தால் வகுத்தோம். 920!

வீட்டுக்காரருக்கு மனசே இல்லை. பள்ளியில் போய்க் கை நீட்டுவதா என்றார். பிள்ளைக்குச் சேர வேண்டியதைக் கேட்பதில் என்ன வெட்கம்? எனக்கு அது புரியவே இல்லை. இரண்டு நாள் பேசித்தான் சம்மதிக்க வைத்தேன். அவருடைய சம்பளச் சீட்டு ஒன்று காணோம். அதற்குப் பதிலாக, சம்பளத்திலிருந்து மாதாமாதம் பணம் சேரும் மத்திய சேமநிதிக் கணக்கு விவரத்தை எடுத்துக்கொண்டு பள்ளி அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அம்மா ஒரு கேள்விகூடக் கூடுதலாகக் கேட்கவில்லை.

பாடப்புத்தகம், சீருடை, மாதக் கட்டணம் எல்லாம் திட்டத்தில் அடங்கும். எனக்குப் பெரிதாகத் தெரிந்தது வாரத்துக்கு 7 வேளைச் சாப்பாடுதான். மகள் கேண்டீனில் அட்டையைத் தட்டி நூடுல்ஸ் வாங்குகிறாள். முன்னால் நிற்கிற பிள்ளையும் அப்படியேதான் தட்டுகிறது. யாருக்கு உதவி, யாருக்கு இல்லை என்று பார்ப்பவருக்குத் தெரியாது.

அப்புறம் இன்னொரு கடிதம். ஆங்கில வாசிப்பில் பின்தங்கியிருப்பதால் கற்றல் ஆதரவு வகுப்பில் சேர்க்கிறார்களாம். அன்றிரவு அழுதுவிட்டேன். வீட்டில் தமிழ் மட்டும் பேசியது தப்போ என்றுகூட நினைத்தேன். தப்பே இல்லை. எட்டுப் பத்துப் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், தினமும் அரை மணி நேரம். காசு கொடுத்துத் துணைப்பாடம் வைத்தாலும் எங்களுக்கு அப்படி அமையாது. முன்பெல்லாம் முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகித்துச் சொல்வாள். இப்போது ஒவ்வோர் எழுத்தின் மேலும் விரலை வைத்து ஒலித்துச் சேர்க்கிறாள். மெதுவாகத்தான் வருகிறது, ஆனால் சரியாக வருகிறது.

அடுத்த ஆண்டுக்குத் திரும்ப விண்ணப்பிக்க வேண்டும். சம்பளச் சீட்டுகளை இப்போதே ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வருகிறேன்.