மண் தடத்தில் எஞ்சின் அமரும் இடம்

1965-ஆம் ஆண்டு பந்தய ஓட்டுநர் ஜிம் கிளார்க், லோட்டஸ் 38 காரில், அமெரிக்காவின் புகழ்பெற்ற தார்த் தடப் பந்தயமான இண்டியானாபோலிஸ் 500-ஐ வென்றார். ஓட்டுநருக்குப் பின்னால் எஞ்சினை வைத்த கார் ஒன்று அந்தப் பந்தயத்தில் பெற்ற முதல் வெற்றி அதுதான். அடுத்த சில ஆண்டுகளில் முன் எஞ்சின் கார்கள் அந்தத் தடத்திலிருந்து ஏறத்தாழ மறைந்தே போயின. ஆனால் இண்டியானாபோலிஸ் 500 இடம்பெற்ற அதே சாம்பியன்ஷிப் தொடரைச் சேர்ந்த மண் தடப் பந்தயங்களில் பழைய அமைப்பே நீடித்தது. 1970-இல் அமெரிக்க ஓட்டுநர் அல் அன்சர் இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தைப் பின் எஞ்சின் காரில் வென்றார். அதே ஆண்டு, அதே நகரின் கண்காட்சித் திடலில் உள்ள ஒரு மைல் மண் தடத்தில் நடந்த ஹூசியர் ஹண்ட்ரட் பந்தயத்தை முன் எஞ்சின் காரில் வென்றார். இன்றும், குறுகிய வட்டத் தடங்களில் ஓடும் திறந்த சக்கரப் பந்தயக் கார்களான அமெரிக்க ஸ்பிரிண்ட் கார்களில் எஞ்சின் ஓட்டுநருக்கு முன்னால்தான் இருக்கிறது. விதிகளும் அதையே கேட்கின்றன என்பது உண்மை. ஆயினும் இதை வெறும் பழமைப் பற்று என்று ஒதுக்குவது, மண்ணில் ஒரு கார் எப்படித் திரும்புகிறது என்பதைப் பார்க்கத் தவறுவதாகும் என்பது என் கருத்து.

தார்த் தடத்தில் காரைத் திருப்புவது பெரும்பாலும் முன் சக்கரங்களின் வேலை. மண்ணிலோ அந்த வேலையில் பெரும்பங்கு பின் சக்கரங்களுக்குப் போய்விடுகிறது. அயோவா மாநிலத்தின் நாக்ஸ்வில் தடத்தில் ஒரு ஸ்பிரிண்ட் கார் வளைவுக்குள் நுழைவதைக் கவனித்தால் இது விளங்கும்: காரின் மூக்கு தடத்தின் உட்புறத்தை நோக்கியிருக்க, முன் சக்கரங்கள் வலப்புறம் ஒடிக்கப்பட்டிருக்க, வலது பின் சக்கரம் மண்ணைக் கட்டி கட்டியாக வாரி இறைத்தபடி வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும், வளைவை விட்டு வெளியேறி வேகமெடுக்கும்போது இடது முன் சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடுவதும் உண்டு. ஓட்டுநர் ஸ்டியரிங்கால் மட்டுமன்றி, ஆக்சிலரேட்டரை மிதிக்கும் அளவாலும் காரின் கோணத்தைத் தீர்மானிக்கிறார். அப்படியானால் அந்தச் சறுக்கல் எவ்வளவு வேகமாகத் தொடங்குகிறது, எவ்வளவு எளிதாக அடங்குகிறது என்பதே கையாளுதலின் மையக் கேள்வியாகிறது.

எஞ்சினின் இடம் முக்கியமாகப் பேசுவது இங்கேதான். பலரும் எடைப் பரவலை மட்டும் கணக்கிடுவார்கள். சுமார் 1,045 கிலோ எடையும், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 262 செ.மீ. தூரமும் கொண்ட ஒரு லேட் மாடல் காரை (மூடிய உடலமைப்புள்ள மண் தடப் பந்தயக் கார் வகை) எடுத்துக்கொள்வோம். அதன் எஞ்சின் 225 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எஞ்சினை 5 செ.மீ. பின்னுக்கு நகர்த்தினால், முன் சக்கரங்களிலிருந்து பின் சக்கரங்களுக்கு மாறும் சுமை ஏறத்தாழ 4.3 கிலோதான், காரின் மொத்த எடையில் அது அரை விழுக்காடுகூட இல்லை. ஒரு சிறிய ஈயக்கட்டியை இடம் மாற்றிப் பொருத்தினாலே இதைச் செய்துவிடலாம். ஆனால் காரின் நிறை மையத்திலிருந்து எஞ்சின் ஒரு மீட்டர் முன்னால் இருந்ததாகக் கொண்டால், அதே 5 செ.மீ. நகர்வில் காரின் சுழற்சிக்கு எஞ்சின் காட்டும் தடை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது, ஏனெனில் அந்தத் தடை தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஈயக்கட்டியால் இதை எளிதில் ஈடுசெய்ய முடியாது.

எடை நடுவில் குவிந்த கார் சட்டென்று திரும்பும். அதே வேகத்தில் கைமீறிச் சுழன்றும் போகும். தார்த் தடத்தில் அந்தச் சுறுசுறுப்பு வரம். ஒவ்வொரு சுற்றிலும் பிடிப்பு மாறிக்கொண்டே இருக்கும் மண்ணில், சறுக்கல் சற்று நிதானமாக வளர்ந்தால்தான் ஓட்டுநரின் காலுக்கு அதைத் திருத்த நேரம் கிடைக்கும். ஸ்பிரிண்ட் காரில் எஞ்சின் முன்னாலும், எரிபொருள் தொட்டி பின் அச்சுக்கும் பின்னால் வாலிலுமாக எடை பிரிந்து நிற்பது இதற்குத் துணை செய்கிறது. பந்தயம் போகப் போக எரிபொருளான மெத்தனால் தீர்ந்து வால் இலேசாவதால், தொடக்கத்தில் இருந்த பின்புறப் பிடிப்பு இறுதிச் சுற்றுகளில் அப்படியே இருக்காது என்பதையும் குழுவினர் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

உயரமும் அலட்சியப்படுத்தக்கூடியதன்று. தார்த் தடத்துக்கான காரில் எஞ்சினை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்துவார்கள். மண்ணில் நிலைமை வேறு: தடம் காய்ந்து வழுக்கத் தொடங்கியதும் பக்கவாட்டு விசையே குறைந்துவிடுவதால், எடை வலது பின் சக்கரத்தின் மேல் போய் அழுந்துவதற்கு ஓரளவு உயரம் உதவுகிறது. ஈரமும் பிடிப்பும் மிகுந்த தடத்தில் அதே உயரம் காரைக் கவிழ்க்கப் பார்க்கும்.

எஞ்சினைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போனால் பின் சக்கரங்களின் பிடிப்பு கூடும், முன் சக்கரங்கள் வழிநடத்தும் வலு குறையும். வளைவில் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் கார் திரும்பாமல் வெளிப்புறச் சுவரை நோக்கி நேராகப் போகும். இருந்தும், வழுக்கும் தடத்தில் கிடைக்கும் ஆதாயம் பெரிது என்பதால் எல்லோருமே பின்னுக்குத் தள்ள விரும்புவார்கள். இதனால்தான் பல பிரிவுகளில் எஞ்சினின் இடத்துக்கு வரம்பு விதித்திருக்கிறார்கள். அமெரிக்கப் பந்தய அமைப்பான ஐஎம்சிஏ நடத்தும் மாடிஃபைட் கார் பிரிவில், எஞ்சினின் பின் முனை பின் அச்சின் மையக்கோட்டிலிருந்து குறைந்தது 72 அங்குலம் முன்னால் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த வரம்புக்குள் எஞ்சின் எங்கே அமரும் என்பதைச் சேஸிஸை (காரின் அடிச்சட்டகத்தை) கட்டுபவர் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிடுகிறார். ஸ்பிரிங், ஷாக், டயர் அளவு என்று பந்தய இரவில் குழுவினர் மாற்றுவதெல்லாம் அந்த முடிவின் மேல்தான்.