ரோமாபுரியில் எட்டாம் வேற்றுமை

ஆப்பியா சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் அந்தக் கோயில் சாலையோரமாகவே நிற்கிறது. ரோமின் மற்ற கோயில்களைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு இது ரொம்பச் சிறியது. ‘தோமினே குவோ வாதிஸ்’ கோயில் என்கிறார்கள். நீரோவின் வதைக்குத் தப்பி ரோமை விட்டுக் கிளம்பிய பேதுரு, எதிரே இயேசு வருவதைக் கண்டு கேட்ட கேள்விதான் அந்தப் பெயர். விவிலியத்தில் இல்லாத பழைய கதை. உள்ளே இயேசுவின் பாதச்சுவடு என்று ஒரு கல் இருக்கிறது. அது நகல்தான், மூலக்கல் அதே சாலையில் சற்றுத் தள்ளியுள்ள புனித செபஸ்தியார் கோயிலில் இருக்கிறது.

எனக்குக் கல்லைவிட அந்தக் கேள்விதான் பிடித்துக்கொண்டது. லத்தீனில் தோமினுஸ் என்றால் ஆண்டவர். கூப்பிடும்போது தோமினே ஆகிறது. ஆண்டவர், ஆண்டவரே. பள்ளியில் மனப்பாடம் செய்த எட்டாம் வேற்றுமை, விளி! குவோ என்றால் எங்கே. வாதிஸ் என்றால் போகிறாய். ‘நீ’ என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நம் ‘ஆய்’ விகுதி போல ‘இஸ்’ விகுதியிலேயே ஆள் தெரிந்துவிடுகிறார். மரியாதைக்காக ‘போகிறீர்’ என்று மாற்றுவது மட்டும் நம் வழக்கம்.

இயேசுவின் பதில் இன்னும் அழகு. ‘ஏயோ ரோமாம் இத்தேரும் க்ருச்சிஃபீஜி.’ போகிறேன், ரோமுக்கு, மறுபடியும், சிலுவையில் அறையப்பட. வரிசையைக்கூட மாற்றாமல் தமிழில் அப்படியே சொல்ல முடிகிறது. பேதுரு திரும்பி நடந்து ரோமுக்கே போனார் என்று கதை முடிகிறது. அந்த ஒரு வரியைக் கேட்டவருக்கு வேறு வழி இருந்திருக்காது என்றுதான் எனக்குப் பட்டது.

என் பாட்டிக்கு லத்தீன் செபங்கள் மனப்பாடம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962-65) கூடி, பூசை தமிழுக்கு வருவதற்கு முன் வளர்ந்தவர். மாதா பிரார்த்தனையில் ஒவ்வொரு பட்டத்துக்கும் ‘ஓரா ப்ரோ நோபிஸ்’ என்பார். எழுத்தெழுத்தாக ஒப்பிப்பதாகவே நினைத்திருந்தேன். எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று தமிழில் வாரந்தோறும் நான் சொன்னதும் அதையேதான். லத்தீனின் ‘நோபிஸ்’ நமக்கு, எங்களுக்கு இரண்டுக்கும் பொது. தமிழில் பெயர்த்தவர்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டியிருந்தது. மாதாவிடம் கேட்பவர்கள் நாங்கள். கேட்கப்படுபவர் அந்தக் கூட்டத்தில் இல்லை. ஆகவே எங்களுக்காக. பேசுகிறவரையும் கேட்கிறவரையும் தமிழ் இவ்வளவு துல்லியமாகப் பிரிப்பதை ரோமில் நின்றுதான் கவனித்தேன்.

மறுநாள் புனித பேதுரு பேராலயம். குவிமாடத்தின் அடியில், பொன்னிறப் பின்னணியில், வட்டமாக ஓடும் எழுத்துகளை அண்ணாந்து படித்தேன். ‘து எஸ் பெத்ருஸ்’, நீ பேதுரு. ‘பெத்ராம்’ என்பது, ‘இந்தப் பாறையின் மேல் என் திருச்சபையைக் கட்டுவேன்’ என்று அடுத்து வரும் பாறை. பெயரும் பாறையும் ஒரே சொல்லிலிருந்து வருவதால் வாக்கியம் மணி மாதிரி இருமுறை ஒலிக்கிறது. தமிழில் பேதுரு வேறு, பாறை வேறு ஆகிவிட்டதில் எனக்கு வருத்தம்தான்.

கடைசி நாள் நகரத்துக்கு வெளியே உள்ள பவுல் பேராலயத்துக்குப் போனேன். 1823இல் எரிந்து மறுபடி கட்டப்பட்டது. பீடத்துக்குக் கீழே கம்பிகள் வழியாகக் கல்லறையின் ஒரு பக்கம் மட்டும் தெரிந்தது. அதன் மேலுள்ள பழைய சலவைக்கல்லைப் படத்தில்தான் பார்த்தேன். ‘பவுலோ அப்போஸ்தோலோ மார்த்’ என்று பொறித்திருக்கிறது. ஓ என்ற முடிவு இங்கே நம் ‘கு’. மறைசாட்சியான திருத்தூதர் பவுலுக்கு.

பவுலுஸ் என்ற சொல்லுக்கு லத்தீனில் சிறியவர் என்று பொருள். பாட்டி அவரைப் பவுல் என்று ஒருநாளும் சொன்னதில்லை. சின்னப்பர் என்றுதான் சொல்வார்.