நூறு டாலர் தாளில் எங்கள் ஊர்க்காரர்

கரீபியன் தீவு நாடான செயின்ட் லூசியாவுக்கு வந்த முதல் வாரம், தலைநகர் காஸ்ட்ரீஸ் சந்தையில் வாழைக்காய்க் குவியலைக் காட்டி விலை கேட்டேன். "முதலில் குட் மார்னிங் சொல்லம்மா" என்றார் கடைக்கார அம்மா. கடையோ மினி பஸ்ஸோ, உள்ளே நுழைந்ததும் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் மற்ற பேச்சு. சொன்னேன். அப்புறம் "எத்தனை ஃபிக் வேண்டும்?" என்றார். எனக்கு அத்திப்பழம்தான் மனதில் வந்தது. இங்கே வாழைக்காய்க்கு அதுதான் பெயர். அதை உப்புமீனோடு சமைப்பதுதான் தேசிய உணவு.

இங்கே புழங்கும் கிழக்குக் கரீபியன் டாலரில் ஒரு நூறு டாலர் தாளை நீட்டினேன். அவர் அதைத் திருப்பி, மடங்கியிருந்த மூலையை விரலால் நீவி, ஒரு முகத்தைக் காட்டினார். "இவர் எங்கள் ஊர்ப் பிள்ளை."

சர் ஆர்தர் லூயிஸ்! கல்லூரியில் பொருளாதாரம் படித்தபோது அவர் கோட்பாட்டை மனப்பாடம் செய்திருக்கிறேன்: விவசாயத்தில் தேவைக்கு மேல் இருக்கும் ஆட்கள் தொழிற்சாலைக்கு நகர்ந்தால் நாடு எப்படி வளரும் என்பது. அவர் எந்த ஊர்க்காரர் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1979இல். அதே ஆண்டு பிப்ரவரி 22 அன்றுதான் இந்த நாடு விடுதலை பெற்றது. அதற்கு முன் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் பதினான்கு முறை மாற்றி மாற்றிப் பிடித்த தீவு. இன்றும் வீடுகளில் பிரெஞ்சு கலந்த கிரியோல் பேச்சு, அலுவலகத்தில் ஆங்கிலம்.

மொத்தப் பரப்பு 617 சதுர கிலோமீட்டர், மக்கள் இரண்டு லட்சம்கூட இல்லை. ஆனால் நோபல் பரிசு இரண்டு. 1992இல் இலக்கியத்துக்காகப் பெற்றவர் கவிஞர் டெரெக் வால்காட். இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள், இருவருக்கும் பிறந்தநாள் ஜனவரி 23. முன்பு கொலம்பஸ் பெயரில் இருந்த சதுக்கம் இன்று வால்காட் சதுக்கம். அங்கே நிற்கும் பெரிய மரம் நம் ஊர்த் தூங்குமூஞ்சி மரம்தான். அதன் நிழலில் உட்கார்ந்தபோதுதான் வந்த நாளிலிருந்து இருந்த நெஞ்சு பாரம் கொஞ்சம் இறங்கியது. வால்காட் தன் நோபல் உரையையே டிரினிடாட் கிராமமொன்றில் இந்திய வம்சாவளியினர் நடத்திய ராம்லீலாவில்தான் தொடங்கினார் என்று பிறகு படித்தபோது, அந்த மரத்தடி இன்னும் நெருக்கமாகிவிட்டது.

2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஜூலியன் ஆல்ஃபிரட் பெண்கள் 100 மீட்டரை 10.72 வினாடியில் ஓடித் தங்கம் வென்றார். நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கமே அதுதான். கிரிக்கெட் மைதானத்துக்கு டேரன் சாமியின் பெயர், 2012, 2016 இரண்டு டி20 உலகக் கோப்பைகளையும் வென்ற மேற்கிந்தியத் தீவுகள் அணியின் கேப்டன். இங்கே யாரும் இவர்களை எட்டாத நட்சத்திரமாகப் பேசுவதில்லை. பக்கத்துத் தெருப் பிள்ளையைச் சொல்வதுபோலத்தான் சொல்கிறார்கள்.

போன சனிக்கிழமை அந்த அம்மாவுக்குப் பெருங்காயம் போட்ட வாழைக்காய்ப் பொரியல் கொண்டுபோனேன். ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டே கேட்டார்: "உங்கள் பணத்தில் யார் படம்?"

"காந்தி" என்றேன்.

"உன் ஊர்க்காரரா?"

"இல்லை அம்மா, அவர் ஊருக்கு ரயிலில் போனாலே இரண்டு நாள் ஆகும்."

"அவ்வளவு தூரமா!" என்று வியந்து, இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டார்.